நிறம், வடிவம், எண்ணிக்கை

ஒரு சிவப்பு முக்கோணம்.
இரண்டு பச்சை நட்சத்திரம்.
மூன்று மஞ்சள் சிலுவை.
நான்கு நீல வட்டம்.
ரொவனியெமி மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
டாக்டர் சாரெலா மேசைமேல் சீட்டுகளைப் பரப்புகிறார்.
"கைக்கு வரும் சீட்டை இவற்றில் ஒன்றோடு சேருங்கள்.
எதை வைத்துச் சேர்ப்பதென்று சொல்லமாட்டேன்.
சரி என்பேன், தவறு என்பேன். அவ்வளவுதான்."

ஒய்வா நிறம் பார்த்துச் சேர்க்கிறான்.
சரி. சரி. சரி.
பத்துச் சரிக்குப் பிறகு
குரல் மாறாமல், முகம் மாறாமல்
விதியை மட்டும் மாற்றுகிறார் டாக்டர்.
தவறு.
அவன் நிறம் பார்த்துச் சேர்க்கிறான்.
தவறு.
நிறம் பார்த்துச் சேர்க்கிறான்.
சுவரோரம் கையுறையைப் பிசைந்தபடி எண்ணுகிறேன்:
இருபத்தேழு தவறு.
"நீங்கள்தான் தவறுகிறீர்கள், அம்மா" என்கிறான்
மிகுந்த மரியாதையோடு.

எங்கள் சபையில் திரைச்சீலை பாவம்.
தொலைக்காட்சி பாவம். காதில் வளையம் பாவம்.
அவனுக்கும் பாவங்கள்தாம், ஆனால் கொஞ்சம் தொளதொளப்பானவை.
பக்கத்து வீட்டில் ஐஸ் ஹாக்கி ஓடும் இரவில்தான்
அவர்களுக்கு விறகு கொண்டுபோக நினைவு வரும்;
ஆட்டம் முடியும்வரை
ஒவ்வொரு கட்டையாக இறக்கிக்கொண்டே இருப்பான்.
கெர்த்து காது குத்திக்கொண்டு வந்தபோது
"கேட்கிற துளை வேறுதானே" என்று
கஞ்சியைக் கிண்டப் போய்விட்டான்.

பிப்ரவரியில், முப்பத்தொரு டிகிரி உறைகுளிரில்,
அவன் வெட்டிய பைன் மரம்
தான் விழ வேண்டிய பக்கத்தை மறந்தது.
புருவங்களுக்குச் சற்று மேலே.
பதினோரு நாள் கழித்துக் கண் திறந்தவன்
முதலில் ஜன்னலைத்தான் பார்த்தான்.

கிறிஸ்துமஸுக்குக் கெர்த்து வந்தாள்.
வாசலை மறித்து நின்று
காதைப் பார்த்தான், மகளைப் பார்க்கவில்லை.
அவள் கார் எஞ்சினை அணைத்திருக்கவே இல்லை.
அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"மரத்தைக் கொண்டு கர்த்தர் அவனை எழுப்பினார்" என்றார்
பிரசங்கி வில்ஜாமி. சபை அழுதது. நானும் அழுதேன்,
வேறு ஏதோ ஒன்றுக்காக.

டாக்டர் படத்தைக் காட்டுகிறார்.
ஒரு காட்டுப்பழம் அளவுக்குச் சாம்பல் நிழல்.
"அப்படியானால் அவனுடைய கடவுள் இதுவா?" என்றேன்.
"விசுவாசம் எங்கே இருக்கிறதென்று
என் படத்தில் தெரியாது.
கீல் துருப்பிடித்திருப்பது தெரிகிறது.
கதவு எந்த வீட்டுடையது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அவனுக்கு ரத்தம் எடுக்க அழைத்துப் போனார்கள்.
நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.
"எனக்கும் வையுங்கள்."
நிறம். சரி, சரி. தவறு.
உடனே வடிவம். சரி. தவறு.
உடனே எண்ணிக்கை.
"நன்றாக இருக்கிறது" என்றார்.
எனக்குக் கை நடுங்கியது.
முன்பின் தெரியாத ஒருத்தி
'தவறு' என்று ஒரே ஒரு தரம் சொன்னதற்கு
எவ்வளவு சுலபமாக விட்டுவிட்டேன்,
அதற்கு முந்தைய நிமிடம்வரை
சத்தியமாக இருந்த ஒன்றை.
ஐம்பத்திரண்டு வருடமாக நான் சொல்லும் ஆமென்
எந்தச் 'சரி'யைக் கேட்டுக் கேட்டுப் படிந்தது?

திரும்பும் வழியில் இருட்டு, மூன்று மணிக்கே.
நடுச்சாலையில் ஒரு கலைமான்
விளக்கொளியை வெறித்தபடி நின்றது.
ஹாரன் அடித்தேன். கத்தினேன். அசையவில்லை.
ஒய்வா கண்ணை மூடி உதடு அசைக்கத் தொடங்கினான்.
நான் விளக்கை அணைத்தேன்.

கன்னங்கரிய வெளி.
கண்ணாடியில் எங்கள் இருவர் மூச்சும்
ஒன்றாகப் படிந்துகொண்டிருந்தது.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
மறுபடி விளக்கைப் போட்டபோது
பனியும் குளம்புத் தடமும் மட்டும்.

"ஜெபித்தேன். போய்விட்டது" என்றான்.

சரி, என்றேன்.